பெரிய காமிரா

திருவள்ளூரில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வருஷம் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு காமிரா வாங்கினார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு அவர் உத்தியோகம். போட்டோ எடுப்பது இருபது வருஷத்துப் பழக்கம். அதில் அவர் காசு பார்த்தவர் அல்ல, காசு விட்டவர். கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்பார். வாங்கிய காமிராவும் புதிதல்ல, ஒருவர் கை மாறி வந்தது. அப்படியும் ஒரு புது மோட்டார் சைக்கிளின் விலைக்குக் குறையவில்லை. அதன் பிறகு அவர் வீட்டில் நடந்த சம்பாஷணை இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தம் இல்லாதது.

மூன்று மாதம் கழித்து, எடுத்த படங்களில் நாற்பதைப் பெரிதாக அச்சிட்டுச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அபிப்பிராயம் வேண்டுமாம். எனக்கு போட்டோ எடுக்கத் தெரியாது. பார்க்கத் தெரியும் என்ற நினைப்பு மட்டும் உண்டு. செய்யத் தெரியாத காரியத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாம் என்பது தமிழில் ஏற்கனவே நிலைபெற்றுவிட்ட விதி என்பதால் ஒப்புக்கொண்டேன்.

காமிராவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த வகைக்கு மீடியம் பார்மட் என்று பெயர். நண்பருடையது பியூஜிபிலிம் கம்பெனி 2017-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி.எப்.எக்ஸ். 50 எஸ். படம் பதிகிற சில்லு 43.8 மில்லிமீட்டர் நீளமும் 32.9 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பத்திரிகைப் போட்டோக்காரர்கள் கழுத்தில் தொங்குகிற நல்ல காமிராக்களில் அது 36-க்கு 24. பரப்பளவில் ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு படத்தில் ஐந்து கோடிப் புள்ளிகளுக்கு மேல் இருக்கின்றன. இரண்டடி அகலத்துக்கு அச்சிட்டாலும் புள்ளி தெரியாது. கணக்கைக் கேட்டு எனக்கு மலைப்பு ஒன்றும் ஏற்படவில்லை. கோடிகளைக் கேட்டு மலைக்கிற வழக்கம் நம் ஜனங்களுக்கு விட்டுப்போய் வெகுநாள் ஆகிறது.

ஆனால் அந்த 'மீடியம்' என்ற வார்த்தை எனக்கு வேடிக்கையாக இருந்தது. நடுத்தரம் என்று பெயர். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத பண்டம். ஒரு காலத்தில் இது இப்படி இல்லை. 120 என்று எண் போட்ட சுருள் பிலிமை கோடக் கம்பெனி 1901-ல் கொண்டுவந்தது. அந்தச் சுருளைப் போட்டுத்தான் அக்பா க்ளிக் 3 என்ற பெட்டிக் காமிரா நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருந்தது. சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். வெயில் அடித்தால் ஒரு நிலை, மேகமாக இருந்தால் ஒரு நிலை. திருகக் கூடியது அதில் அதிகம் இல்லை. உதகமண்டலத்தில் சர்க்கார் ஆலையில் தயாரான 'இந்து' பிலிமைப் போட்டு, ஒரு சுருளை ஆடிக்கிருத்திகைக்கு ஆரம்பித்துப் பொங்கலுக்கு முடித்த குடும்பங்கள் உண்டு. ஆறு சென்டிமீட்டர்ச் சதுரம் என்று பேர் சொன்ன அந்தப் பிலிமின் பரப்போடு ஒப்பிட்டால், இன்றைய நண்பரின் விலையுயர்ந்த சில்லு அதில் பாதிகூட இல்லை. பெட்டிக் காமிராவின் லென்ஸ் மட்டம், அது வேறு சங்கதி. ஆனாலும், ஏழை வீட்டுக் கல்யாணத்தைப் பிடித்த அளவு இன்று ஆடம்பரத்தின் அளவாகிவிட்டது என்பதைச் சரித்திரமாகக் குறித்து வைக்கலாம்.

ஸ்டூடியோக்காரர்களும் இந்த அளவில்தான் வேலை செய்தார்கள். யாஷிகா, ரோலி என்று இரட்டைக் கண் காமிராக்கள். போட்டோக்காரர் வயிற்றுக்கு நேரே காமிராவை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து பார்ப்பார். படம் எடுத்துக்கொள்கிறவருக்கு எதிரே தெரிந்தது ஒரு கண் அல்ல, ஒரு வகிடு. குனிந்த தலைக்கு முன்னால் யாரும் மிரளுவதில்லை. இப்போது காமிராவைத் துப்பாக்கி போல முகத்துக்கு நேரே தூக்குகிறார்கள். இந்த வித்தியாசத்தை நண்பரிடம் சொன்னபோது அவர், தம்முடைய காமிராவிலும் பின்புறத்துத் திரையைச் சாய்த்துவிட்டு இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கலாம் என்றார். அப்படி எடுத்த படங்கள் எவை என்று நான் கேட்காமலே பொறுக்கிவிட்டேன். முகங்கள் சொல்லிவிட்டன.

இனி அவருடைய முதல் அனுபவங்கள். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறேன். "சார், முதல் பத்து நாள் எனக்குக் காமிராவே பிடிக்கத் தெரியாதுன்னு நினைச்சேன்." காரணம் உண்டு. லென்ஸோடு சேர்த்து ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனம். கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இந்தக் காமிராவின் உடம்பில் இல்லை. பழைய காமிராவில் கண்ணுக்குத் தெரியாமல் போன நடுக்கம் இதில் தெரிகிறது. பெரிய சில்லில் கூர்மை விழுகிற ஆழமும் குறைவு. மூக்கு நுனி துலங்கினால் காது மங்கிவிடுகிறது. விநாடிக்கு மூன்று படம்தான் ஓடும். ஒவ்வொரு படமும் சுருக்காமல் வைத்தால் நூறு மெகாபைட்டைத் தாண்டுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறுகிறது.

ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிற கூட்டம். திருவள்ளூரிலிருந்து ஆலைக்குப் போகிற வழிதான். வருஷா வருஷம் எடுக்கிற இடம். ஒரு படமும் தேறவில்லை. காமிரா யோசித்துக் கூர்மை பிடிப்பதற்குள் வலம் வந்தவர்கள் இரண்டாம் சுற்றுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு நாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில், சத்தம் வேண்டாமே என்று மின்னணு ஷட்டரைப் போட்டுக்கொண்டு, நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸ் வண்டியை எடுத்தார். சில்லு வரிவரியாக மேலிருந்து கீழே படித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. ஆகவே பெட்டிகளெல்லாம் குடிகாரர்கள் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தப் படத்தையும் கட்டில் வைத்திருந்தார். வேடிக்கைக்காக என்றார். நாற்பதில் என்னைச் சிரிக்க வைத்தது அது ஒன்றுதான். அதற்காகவே அதற்கு மார்க்குப் போடுகிறேன்.

வேகமான காரியத்துக்கு இது ஆகாது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. தெரிந்தபின் நிற்கிற பொருள்களைத் தேடிப் போனார். எல்லாப் புதுக் காமிராக்காரரும் செய்வதுதான். திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளம், அமாவாசை விடியற்காலை, ஏழெட்டுப் படம். படியில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. கல்லின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிகிறது. குளத்தில் கரைக்க வெல்லம் கொண்டுவந்த அம்மாளின் புடவைக் கரையில் நூலை எண்ணலாம். எண்ணிப் பார்த்தேன் என்றே சொல்லலாம், வேறு செய்வதற்கு அந்தப் படத்தில் ஒன்றும் இல்லாததால்.

நாவல் எழுதுகிறவர்களில் ஒரு ஜாதி உண்டு. கதாநாயகன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் திண்ணையில் எத்தனை தூண், தூணில் என்ன வர்ணம், உள்ளே எத்தனை படம் மாட்டியிருக்கிறது என்று மூன்று பக்கம் எழுதுவார்கள். மூன்று பக்கம் கழித்து உள்ளே போன மனிதன் ஞாபகத்தில் இருக்கமாட்டான். மௌனி தம் ஆயுளில் எழுதியது இரண்டு டஜன் கதைகள். அவற்றில் ஒரு வீட்டைக்கூட நாம் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீடுகளின் இருட்டு நமக்குத் தெரியும். குளத்துப் படங்கள் முதல் ஜாதியைச் சேர்ந்தவை. நண்பர் முகம் சுருங்கியது. "எல்லாம் ஷார்ப்பா இருக்கே சார்" என்றார். அதுதான் குறை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அன்று எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

பழவேற்காட்டுப் படங்கள் அப்படி இல்லை. இங்கே காமிராவுக்கு உரிய கௌரவத்தைக் கொடுத்தாக வேண்டும். மழைக்கு முந்திய சாயங்காலம். ஏரியும் வானமும் ஒரே ஈயநிறம். சாதாரணக் காமிராவில் இப்படிப்பட்ட வானம் ஒன்று வெளுத்துப் போகும், அல்லது பட்டை பட்டையாகப் பிரியும். இதில் ஈயம் வெள்ளியாகி, வெள்ளி மறுபடி ஈயமாகிற இடம் எது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. கரையில் கவிழ்த்த ஒரு படகு. தெற்கே அடிவானத்தில், மயிரிழை போல அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. அது இருப்பது முதலில் தெரியாது. படத்தோடு சற்று நேரம் இருந்தால் தெரியும். தெரிந்தபின் அந்தப் படகு கவிழ்ந்திருப்பதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. ஐந்து கோடிப் புள்ளிகளில் ஐம்பதோ நூறோ அந்தப் புகைபோக்கிக்குப் போயிருக்கும். நுட்பம் தன் வேலையைச் செய்தது அங்கேதான். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துப் படங்களும் நல்லவையே. கல்லில் செதுக்கிய மண்டையோடுகள் நகராமல் இருக்கும் என்பது இந்தக் காமிராவுக்கு வசதி.

பெரிய தகட்டுக்கும் கல்லுக்கும் உள்ள சிநேகம் பழையது. 1856-ல் சென்னை ராஜதானிக்கு அரசாங்கப் போட்டோக்காரராக நியமனம் ஆன லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மெழுகு பூசிய பெரிய காகித நெகடிவ்களைக் கொண்டு தஞ்சை, மதுரை, ஸ்ரீரங்கம் கோயில்களை எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு மேல் நீண்ட ஒரே படமாக்கினார். எழுத்தை வாசிக்கலாம். ஆனால் அவர் படங்களில் மனிதர்கள் அபூர்வம். காகித நெகடிவ் நிமிஷக்கணக்கில் வெளிச்சம் கேட்டது. மனிதன் அவ்வளவு நேரம் கல்லாக இருக்க மாட்டான். இதற்கு நேர் எதிர்க் கோடியில் செபாஸ்தியாவ் சால்காடோ. 1993-ல் புத்தகமாக வந்த அவருடைய தொழிலாளர் படங்கள், தன்பாத் நிலக்கரித் தொழிலாளர் உட்பட, சின்ன 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தவை. மீடியம் பார்மட்டுக்கு அவர் பிற்பாடு மாறியது மலைகளையும் பனியையும் மிருகங்களையும் எடுக்கப் போனபோதுதான். மனிதனுக்குச் சின்னது, மலைக்குப் பெரியது என்று இதிலிருந்து சூத்திரம் எழுதிவிடலாம்போல இருந்தது. நண்பரின் முப்பத்தெட்டாவது படம் வரும்வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிப்காட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. ராத்திரி ஷிப்டு முடிந்த காலை. பெஞ்சியில் ஓர் இளைஞர், ஒடிஸாவின் கஞ்சம் ஜில்லாவிலிருந்து வந்தவர், கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடிக்கவில்லை. சூட்டை வாங்கிக்கொண்டிருக்கிறார். நண்பர் பன்னிரண்டடி தூரத்தில் நின்று, இடுப்பளவில் காமிராவை வைத்து எடுத்திருக்கிறார். அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. தூக்கம் என்பதை நான் அப்படி வேறெங்கும் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்கிறேன். நாற்பதில் இது ஒன்றே படம்; மற்றவை பயிற்சி.

நண்பர் அதைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அனுப்ப உத்தேசித்திருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, நெருப்புப் பொறி தெறித்த தழும்புகள், உளுந்து உளுந்தாக. காலில் பாதுகாப்பு பூட்ஸ். ஒன்றின் அடி பிளந்து, கட்டுக் கம்பியால் சுற்றியிருந்தது. கழுத்தில் தொங்கின அட்டை சற்றுத் திரும்பியிருந்தது. திரும்பியும் அதில் அவர் பேர், நம்பர், ஆளை வேலைக்கு அனுப்பின காண்டிராக்டரின் பேர் எல்லாம் அச்சுப் பிசகாமல் வாசிக்க முடிந்தது.

"இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

பார்க்கவில்லை. எடுக்கும்போதும் பார்க்கவில்லை, அச்சிட்டபோதும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது முகத்தையும் தம்ளரையும்தான். நல்ல கலைஞன் பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறார். அதில் அவர்மேல் குற்றம் இல்லை. 1966-ல் வந்த 'ப்ளோ-அப்' என்ற அன்டோனியோனியின் சினிமாவில் ஒரு போட்டோக்காரன் தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், தான் பார்க்காத ஒரு பிணத்தைப் புதருக்கடியில் கண்டுபிடிப்பான். அங்கே அது மர்மம். இங்கே மர்மம் ஒன்றும் இல்லை. பிளந்த பூட்ஸும் நம்பரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான். கண்காட்சியில் யாராவது ஒருவர் சேர்த்து வாசித்தால், அந்த இளைஞர் தம்மை வேலைக்கு வைத்தவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் ஆகிறார். அவர் சாட்சி சொல்ல வரவில்லை, டீ குடிக்க வந்தார்.

எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நான் பார்க்காத பூட்ஸை என்னால் எழுத முடியாது. என் வாக்கியத்தில் ஒரு பிளவு இருந்தால் அது நான் போட்ட பிளவு; அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், சொல்லவும் முடியும். போட்டோக்காரன் தான் பார்க்காததையும் எழுதிவிடுகிறான். சின்னக் காமிராக்களில் பிலிமின் மணல் இந்த அதிகப்படியை மூடிவிட்டது. அதை நாம் குறை என்று நினைத்தோம். மணல் போய்விட்டது. இனிமேல் எடுத்தவன் பார்க்காததற்கும் சேர்த்து எடுத்தவனே பொறுப்பு. விநாடிக்கு மூன்று படம் என்ற மந்தகதி இந்த இடத்தில் ஒரு குறை என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் மெதுவாக இருந்தால்கூட நல்லது.

நண்பர் விடவில்லை. "கம்ப்யூட்டரில் அந்த அட்டையை மங்க வெச்சுடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். செய்யலாம்தான். செய்தால் ஆபத்தும் குறையும். ஆனால் மங்கின அட்டை என்பது ஒரு புதுப் பொருள். பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும். யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று முகத்தைவிட அது உரக்கச் சொல்லும். மேலும், ஐந்து கோடிப் புள்ளிக்காகச் சீட்டுப் பணத்தைக் கொட்டிவிட்டு அதில் சில ஆயிரத்தை விரலால் தேய்ப்பது என்பது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிளவைக் காட்டத்தான் வேண்டும், அதுதானே உண்மை, என்று வாதாடுகிற வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என் பதில்: காட்டுங்கள். அந்த மனிதரைக் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லி, சொன்னதன் விலையை அறிந்து சொன்னால், அது நாற்பது படத்தில் ஒன்றாக அல்ல, தனியாகத் தொங்கவேண்டிய படம்.

இரண்டு வாரம் கழித்து நண்பர் அதே டீக்கடைக்கு, அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இளைஞர் அதை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாராம். பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் தடவிப் பார்த்தாராம். கூட இருந்த அறைத் தோழர்கள் மூன்று பேரும், தங்கள் போனில் எடுத்தால் முகம் இதைவிட வழவழப்பாக வருகிறதே, இவ்வளவு பெரிய காமிராவில் ஏன் இப்படி மேடுபள்ளமாக வந்திருக்கிறது என்று கேட்டார்கள். நண்பருக்குச் சில்லின் பரப்பளவை விளக்க ஹிந்தி போதவில்லை. எங்கேயும் காட்ட வேண்டாம் என்று இளைஞர் சொன்னார். பயத்தினாலா, முகத்தினாலா என்று நண்பருக்கு இன்னும் நிச்சயம் இல்லை. நானும் ஊகிக்கப்போவதில்லை.

பிறகு இன்னொரு படம் எடுக்கச் சொன்னாராம். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகம் கழுவித் தலை வாரி, கடைச் சுவரைப் பின்னால் விட்டு, நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தினார். கைகளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. விறைப்பாக நின்றார்கள். நண்பர் இடுப்பளவில் காமிராவை வைத்துத் தலையைக் குனிந்தார். அந்தப் படத்தையும் எனக்குக் கொண்டுவந்து காட்டினார். படமாக அது முதல் படத்தின் பக்கத்தில் நிற்காது. எந்த ஸ்டூடியோவிலும் எந்த வருஷமும் எடுத்திருக்கக்கூடிய படம். மௌனமாக இருந்தேன். நண்பரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இரண்டடி அகலத்தில் நான்கு பிரதிகள் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊருக்கு எடுத்துப்போகிற டிரங்குப் பெட்டியில் அது அடங்கவில்லை. மடித்தால் முகத்தில் கோடு விழும். தபால் அட்டை அளவில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்கள். போட்டுக் கொடுத்தார்.